நம் மெயில் யாருடைய கணினியில் இருக்கிறது?

நிலாவெளிக் கடற்கரையில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் காலையில் கணினியைப் போட்டு, உலாவியில் ஜிமெயிலைத் திறக்கிறார். ஜூலையில் இரண்டு அறை வேண்டும், புறாத் தீவுக்குப் படகும் ஒழுங்கு செய்து தர வேண்டும் என்று ஜெர்மனியிலிருந்து ஒரு மடல். வாசிக்கிறார், பதில் எழுதுகிறார், மூடுகிறார். அந்த மடல் அவருடைய கணினிக்கு வந்ததா என்றால், திரையில் தெரியும் அளவுக்கு வந்து போனது, அவ்வளவுதான். அது இருப்பது எங்கோ ஒரு நிறுவனத்தின் தரவு மையத்தில். அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோரிக்கை நிலாவெளியிலிருந்து கிளம்பி, நாட்டைக் குறுக்காகக் கடந்து, மறுகரையில் கடலில் இறங்கிப் போய்த் திரும்புகிறது. உலகப் பெயர்பெற்ற இயற்கைத் துறைமுகம் 16 கிலோமீட்டரளவு தெற்கே இருந்தும், இலங்கையின் கடலடி இணையக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கங்களில்.

இந்த நீண்ட வழியில் ஓரிடம் அறுந்தாலும் மடல் கண்ணில் படாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது இதை நாடே பார்த்தது. மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும், ரவுட்டர் அணைந்திருக்கும். கோபுரத்து பேட்டரியும் தீர்ந்துவிட்டால் போனில் சிக்னலும் இல்லை. எந்தத் தேதியில் யார் வருகிறார்கள், முற்பணம் எவ்வளவு கட்டினார்கள், கனடாவிலிருக்கும் மகள் அனுப்பிய விசாப் பத்திரம் எந்த மடலோடு வந்தது என்ற எல்லாமே அந்தத் தரவு மையத்தில் பத்திரமாக இருந்தன. கையில்தான் ஒன்றும் இல்லை.

இதற்கு ஒரு பழைய மருந்து உண்டு. தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற ஒரு மின்னஞ்சல் நிரலைக் கணினியில் நிறுவி, இதே ஜிமெயில் கணக்கையோ யாஹூ கணக்கையோ அதில் சேர்த்துவிடுவது. மடல்கள் அங்கேயும் இருக்கும், இங்கேயும் இருக்கும். நம் மடலின் முழுப் பிரதி நம் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் இந்த வேலையில் இறங்குபவர்களில் பாதிப்பேர் ஒரு திரையில் நின்றுவிடுகிறார்கள். உள்வரும் வழங்கி, வெளிச்செல்லும் வழங்கி, போர்ட் எண், பாதுகாப்பு முறை, அடையாளச் சரிபார்ப்பு முறை என்று வரிசையாகப் பெட்டிகள் நிற்கும் திரை அது. மேனுவல் செட்டப் என்று மேலே எழுதியிருக்கும். பலர் அதைப் பார்த்ததும் மூடிவிட்டு, கணினி திருத்தும் கடைப் பையனைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஏன் அங்கே வந்தன என்று தெரிந்துவிட்டால் பையன் தேவைப்பட மாட்டான்.

முதலில், ஏன் இரண்டு வழங்கிகள்? அனுப்ப ஒன்று, எடுக்க ஒன்று என்று ஏன் தனித்தனியாகக் கேட்கிறது?

1971இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதல் மடலை அனுப்பியபோது இந்தக் கேள்வியே எழவில்லை. அன்றைய கணினிகள் அறை நிறைய நிற்பவை. இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பவை. மடல் எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற நெறிமுறையும் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். எப்போதும் விழித்திருக்கும் ஒரு கணினி, எப்போதும் விழித்திருக்கும் இன்னொன்றுக்கு மடலைக் கையளிக்கும் முறை அது. பிறகு மேசைக் கணினிகள் வந்தன. மாலையில் அணைத்துவிட்டுப் போகும் கணினிக்கு நடுநிசியில் வரும் மடலை எப்படிக் கொடுப்பது? அதற்காக 1984இல் பாப் என்ற எடுக்கும் முறை வந்தது. விழித்திருக்கும் வழங்கி மடலை வாங்கி வைத்திருக்கும். நாம் கணினியைப் போட்டதும் போய் எடுத்துவர வேண்டும். கொடுப்பதும் எடுப்பதும் இப்படி வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு தேவைக்குப் பிறந்தவை. அதனால்தான் இன்றும் இரண்டு வழங்கிப் பெயர்கள், இரண்டு போர்ட் எண்கள். வருவது வருகிறது, அனுப்பத்தான் முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், முதல் பாதி சரி, இரண்டாம் பாதியில் பிழை என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

இலங்கையில் மின்னஞ்சல் தொடங்கியதும் விட்டுவிட்டு வரும் தொடர்பில்தான். 1990களின் தொடக்கத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று தொடங்கிய லேர்ன் வலையமைப்பு, தொலைபேசி இணைப்பு கிடைத்த நேரத்தில் மடல்களைக் கட்டாக அனுப்பி, வந்தவற்றைக் கட்டாக வாங்கியது. எப்போதும் லைனில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காத முறை அது. மின்னஞ்சலின் அந்தப் பொறுமை இன்றும் அப்படியே இருக்கிறது; உலாவி வழியே மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

அந்தப் பொறுமையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். நீங்கள் நிரலில் அனுப்பு என்று அழுத்தியதும் நடப்பது ஓர் உரையாடல். எண்களிலும் சில சொற்களிலும் நடக்கும் உரையாடல்.

வழங்கி முதலில் 220 என்கிறது: ஆயத்தமாக இருக்கிறேன். நிரல் தன்னை அறிமுகம் செய்கிறது. 250, சரி. இன்னாரிடமிருந்து மடல் என்கிறது நிரல். 250. இன்னாருக்கு. அந்தப் பெட்டி உண்டென்றால் 250. அப்படி ஒருவர் இல்லையென்றால் 550. இதோ மடல் என்கிறது நிரல். 354, தொடங்கு. மடல் முழுவதும் போகிறது. முடிந்தது என்பதற்கு அடையாளமாகத் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. மறுபடியும் 250.

இந்தக் கடைசி 250தான் முக்கியம். அது வந்த கணத்தில் பொறுப்பு கைமாறுகிறது. அதுவரை மடல் உங்கள் நிரலின் அவுட்பாக்ஸில் உங்கள் பொறுப்பு. அதன் பிறகு வழங்கியின் பொறுப்பு. பெறுநரின் வழங்கி அப்போது விழுந்து கிடந்தாலும், அனுப்பும் வழங்கி விட்டுவிட்டு முயல வேண்டும், நான்கைந்து நாளாவது கைவிடக்கூடாது என்று நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறது. நிலாவெளியில் லைன் போன நேரத்தில் எழுதிய பதில் அவுட்பாக்ஸில் காத்திருக்கும். லைன் வந்ததும் போகும். எழுதுவதற்கு இணையம் தேவையில்லை என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது.

இனி உள்வரும் பெட்டி. இங்கே நிரல் ஒரு தேர்வைக் கேட்கும்: பாப் 3 அல்லது ஐமேப். பலர் முதலில் கண்ணில் பட்டதை அழுத்திவிடுகிறார்கள். இந்த முழு வேலையிலும் யோசித்துச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

தபாற்கந்தோருக்குப் போய் நம் பெயருக்கு வந்த கடிதங்களை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பாப். வாங்கிய பிறகு அங்கே ஒன்றும் மிஞ்சாது. வழங்கியில் ஒரு பிரதியை விட்டுவை என்று நிரலில் குறி போடலாம். ஆனால் எதை வாசித்தோம், எதற்குப் பதில் போட்டோம், எந்த ஃபோல்டரில் போட்டோம் என்பதெல்லாம் அந்த ஒரு கணினியோடு நின்றுவிடும். போனில் பார்த்தால் எல்லாம் வாசிக்காத மடலாகக் கிடக்கும்.

பாப்பைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. அதை எழுதியவர்கள் மோசமான லைனை நன்றாக அறிந்தவர்கள். பாப்பில் மடலை எடுத்தபின் அழித்துவிடு என்று நிரல் சொன்னால் வழங்கி உடனே அழிப்பதில்லை. குறித்து மட்டும் வைத்துக்கொள்கிறது. நிரல் முறையாக விடைபெற்றுப் போன பிறகுதான் அழிக்கிறது. இடையில் லைன் அறுந்தால் குறித்ததெல்லாம் ரத்து, ஒரு மடலும் போகாது. அரைவாசி இறங்கிய மடல் இரண்டு பக்கமும் இல்லாமல் போகும் ஆபத்தை இந்த ஒரு விதி தடுத்துவிட்டது. இன்று வழக்கிலுள்ள பாப் 3இன் வரைவு 1996 மே மாதத்தது. இந்த விதி அதில் தெளிவாக இருக்கிறது.

ஐமேப் வேறு எண்ணத்தில் பிறந்தது. 1986இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் அதை உருவாக்கினார். ஒருவருக்கு ஒரு கணினி என்ற கணக்கு அங்கே ஏற்கெனவே உடைந்திருந்தது. அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று, ஆய்வகத்தில் ஒன்று. ஆகவே மூலம் வழங்கியில் இருக்கட்டும், ஒவ்வொரு கணினியும் அதோடு ஒத்துப்போகட்டும் என்று முடிவு செய்தார். போன், மடிக்கணினி, விடுதி மேசையிலுள்ள கணினி என்று வாழும் நமக்கு அவர் அன்று எடுத்த முடிவு அப்படியே பொருந்துகிறது.

ஒத்துப்போவது எப்படி? ஒவ்வொரு ஃபோல்டரிலும் வரும் மடலுக்கு வழங்கி ஓர் எண் கொடுக்கிறது. எண் ஏறிக்கொண்டே போகும். ஒரு மடலை அழித்தாலும் அதன் எண் வேறொரு மடலுக்குப் போகாது. உங்கள் நிரல் கடைசியாக எடுத்தது 4812 என்று வைத்துக்கொள்வோம். லைன் போய், இரண்டு நாள் கழித்து வருகிறது. நிரல் வழங்கியிடம் கேட்பது ஒன்றே: 4813இலிருந்து என்ன இருக்கிறது? புதியவை மட்டும் இறங்குகின்றன. பிறகு பழையவற்றில் எந்தெந்த மடலில் வாசித்த குறி, நட்சத்திரக் குறி மாறியிருக்கிறது என்று கேட்டுத் தன் பிரதியைத் திருத்திக்கொள்கிறது. லைனில் இருக்கும் நேரத்தில் ஏதாவது வந்தால் சொல், நான் காத்திருக்கிறேன் என்று நிரல் வழங்கியிடம் சொல்லிவைக்கும் வசதி 1997இல் சேர்ந்தது. மடல் வந்த உடனே மூலையில் அறிவிப்புத் தோன்றுவது அதனால்தான்.

ஆகவே ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். மடல்களை இந்தக் கணினியிலும் வைத்திரு என்ற குறியும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்டர்பேர்டில் அது வழக்கமாகவே விழுந்திருக்கும். சில நிரல்கள் அண்மைய நாட்களின் மடல்களை மட்டும் இறக்கி வைக்கும். அந்த வரம்பைத் தேடி எடுத்துவிட வேண்டும். ஜிமெயில்காரர்களுக்கு இன்னொன்று. அங்கே ஃபோல்டர் என்று தெரிவது உண்மையில் ஒட்டிய சீட்டு. ஒரே மடல் இன்பாக்ஸிலும் தெரியும், ஆல் மெயில் என்பதிலும் தெரியும். இதை அறியாத நிரல் ஒன்றையே இரண்டு முறை இறக்கும். டேட்டா அளந்து வாங்கும் வீட்டில் முதல் முறை இறக்கும்போது இது வலிக்கும். முதல் இறக்கத்தை வரம்பில்லாத வைஃபை உள்ள இடத்தில் ஓர் இரவு விட்டு முடிப்பது நல்லது.

இந்த இரட்டைப் பிரதிக்கு இந்தக் கரையில் ஒரு கனம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நிலாவெளியிலும் வீடுகளுக்குள் புகுந்தது. போன உயிர்களுக்கு முன்னால் காகிதம் பெரிதில்லை. ஆனால் எஞ்சியவர்கள் திரும்ப வாழத் தொடங்கியபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டியிருந்தது. அதற்கு முன்னரே போரில் பல முறை இடம்பெயர்ந்த குடும்பங்கள், தறப்பாள் பையில் பத்திரங்களைச் சுற்றிக்கொண்டு ஓடிய குடும்பங்கள் இவை. அந்தப் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகள் இன்று பெரும்பாலும் மெயிலில்தான் கிடக்கின்றன. தூரத்து வழங்கியில் அவை இருப்பதால் கடல் எடுக்காது; அது பெரிய பாதுகாப்பு. அதே வேளை, கணக்கே போய்விட்டால்? இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023இல் விதி கொண்டுவந்து, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. இறந்துபோன அப்பாவின் கணக்கு, வெளிநாடு போன பிள்ளை விட்டுப்போன கணக்கு என்று எத்தனையோ வீடுகளில் திறக்கப்படாத கணக்குகள் உண்டு. அவற்றின் பிரதி வீட்டுக் கணினியில் இருந்தால் அந்த விதி நம்மை ஒன்றும் செய்யாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐமேப் ஒத்துப்போகும் முறை. காப்புப் பிரதி அல்ல. போனில் ஒரு மடலை அழித்தால் கணினியிலும் அழியும். யாராவது கடவுச்சொல்லைத் திருடி எல்லாவற்றையும் அழித்தால், அடுத்த ஒத்திசைவில் வீட்டுப் பிரதியும் காலியாகும். தண்டர்பேர்டில் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்று கீழே ஒரு பகுதி இருக்கும். அது வழங்கியோடு சேராதது. முக்கியமான மடல்களை அங்கே ஒரு பிரதி எடுத்துப் போட்டுவிட்டால் அவற்றை இந்தக் கணினியிலிருந்து நீங்களே அழித்தாலன்றி அழியாது. அந்த நிரலின் புரொஃபைல் ஃபோல்டரை மாதம் ஒரு முறை பென் டிரைவில் நகலெடுத்து வேறொரு வீட்டில் வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்த பெட்டி போர்ட் எண். ஒரே வழங்கி பல வேலை செய்கிறது. எந்த வேலைக்காக வந்திருக்கிறோம் என்று வாசலிலேயே சொல்லும் எண் அது. ஐமேப்புக்கு 143, பாப்புக்கு 110 என்பவை பழைய எண்கள். மறையாக்கத்தைத் தனியே சேர்க்காவிட்டால் அவற்றில் எல்லாம் வெளிப்படையாகப் போகும், கடவுச்சொல்லும்தான். கடற்கரை உணவகத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்ட வைஃபையில் உட்கார்ந்து அப்படி மெயில் எடுத்தால், அதே வைஃபையில் இருக்கும் எவரும் கடவுச்சொல்லைப் பிடிக்க முடியும். டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தோடு தொடங்கும் எண்கள் ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995. இவற்றையே போடுங்கள்.

அனுப்பும் பக்கத்தில் எண்களின் கதை கொஞ்சம் சிக்கலானது. வழங்கிக்கும் வழங்கிக்கும் இடையிலானது 25. தொடக்கத்தில் எஸ்எம்டிபி யாரிடமும் கடவுச்சொல் கேட்கவில்லை. எல்லோரும் தெரிந்தவர்கள் என்ற உலகம் அது. குப்பை மடல் பெருகியதும் அந்த நம்பிக்கை செல்லாமல் போனது. மக்கள் அனுப்புவதற்கென்று 1998 டிசம்பரில் 587 என்ற தனி எண் வந்தது. 1999இல் அனுப்பும்போதும் கடவுச்சொல் கேட்கும் முறை வந்தது. வீட்டு இணைப்புகளில் 25ஐப் பல சேவை நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன. 465 என்ற எண் 1997இல் மறையாக்கத்தோடு அனுப்புவதற்காக வந்து, சீக்கிரமே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் நிரல்கள் அதை விடவில்லை. 2018இல் மறையாக்கத்தோடே தொடங்குவதுதான் நல்லது என்று இணையப் பொறியாளர்கள் முடிவு செய்தபோது அதற்கு முறையான இடமும் கிடைத்தது. இன்று 465, 587 இரண்டும் சரியானவை. 465 என்றால் பாதுகாப்புப் பெட்டியில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். எண்ணை ஒன்றாகவும் முறையை மற்றதாகவும் போட்டால் நிரல் நெடுநேரம் சுற்றிவிட்டுத் தோற்கும். அனுப்ப முடியவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்தச் சோடியைத்தான்.

மறையாக்கத்தில் இன்னொரு சிறிய, ஆனால் இந்தக் கரைக்கே உரிய தொல்லை உண்டு. நிலாவெளியின் சுற்றுலாக் காலம் கச்சான் வீசும் மே தொடங்கி செப்டெம்பர் வரை. மாரியில் கடல் கொந்தளிக்கும். பல விடுதிகளில் ஆள் இல்லை, கணினியும் மாதக்கணக்கில் அணைந்து கிடக்கும். உள்ளே நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பழைய கணினியில் அது தீர்ந்திருந்தால், சீசனுக்குத் திறக்கும்போது கணினியின் தேதி பத்துப் பன்னிரண்டு ஆண்டு பின்னால் போயிருக்கும். வழங்கி தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. பல சான்றிதழ்களின் ஆயுள் சில மாதங்கள்தான். கணினியின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே இணைப்பை மறுக்கிறது. திரையில் பாதுகாப்பு விதிவிலக்குச் சேர்க்கவா என்று கேட்கும். சேர்க்காதீர்கள். மூலையிலுள்ள தேதியைத் திருத்துங்கள், பேட்டரியை மாற்றுங்கள்.

அடுத்தது கடவுச்சொல். இங்கேதான் அதிகம் பேர் மனமுடைந்து போகிறார்கள். நிலாவெளி வீதியில் தையல் வகுப்பு நடத்தும் ஓர் அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“தம்பி, உலாவியில அடிச்சா அதே பாஸ்வேர்ட் போகுது. இதில அடிச்சா பிழை எண்டு சொல்லுது. நான் என்ன பிழை விட்டனான்?”

“நீங்க ஒரு பிழையும் விடேல்லை அக்கா. சரியான பாஸ்வேர்டையே இப்ப அவை வாங்கிறேல்லை.”

நடந்தது இதுதான். நிரலில் கடவுச்சொல்லைச் சேமித்து வைத்தால், அந்த நிரலிடம் கணக்கின் முழுச் சாவியும் போய்விடுகிறது. நிரல் கெட்டதானால், கணினி திருட்டுப் போனால், எல்லாம் போயிற்று. இதைத் தவிர்க்க 2012 அக்டோபரில் ஓஆத் 2.0 என்ற முறை வரையறுக்கப்பட்டது. நிரல் ஒரு சின்ன உலாவிச் சாளரத்தைத் திறக்கும். நீங்கள் கூகுளின் பக்கத்திலேயே உள்நுழைவீர்கள். இந்த நிரல் மெயிலைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா என்று கேட்கும். ஆம் என்றால், கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு நீண்ட அனுமதிச் சீட்டு நிரலுக்குப் போகும். கடவுச்சொல் அதன் கைக்குப் போகவே இல்லை. கணினி தொலைந்தால் போனிலிருந்து அந்த ஒரு சீட்டை மட்டும் ரத்துச் செய்யலாம். தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லோடு வரும் நிரல்களை கூகுள் 2022 மே 30 முதல் மறுத்தது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு 2024 செப்டெம்பரில் அதையே செய்தது. எனவே அடையாளச் சரிபார்ப்பு என்ற பெட்டியில் சாதாரணக் கடவுச்சொல் என்று இருந்தால் அதை ஓஆத் 2 என்று மாற்றுங்கள். உள்வரும் பக்கத்திலும் வெளிச்செல்லும் பக்கத்திலும் மாற்ற வேண்டும். இரண்டாவதை மறப்பதுதான் வழக்கம்.

நிரல் மிகப் பழையது, ஓஆத் தெரியாது என்றால் ஜிமெயிலில் இன்னொரு வழி இருக்கிறது. கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, ஆப் பாஸ்வேர்ட் என்று 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி அந்த நிரலுக்கு மட்டும் கொடுக்கலாம். முன்பெல்லாம் ஜிமெயிலின் செட்டிங்ஸில் போய் ஐமேப்பை இயக்கவும் வேண்டும். 2025இலிருந்து தனிநபர் கணக்குகளில் அது எப்போதும் இயங்கும் நிலையில் இருக்கிறது. பழைய வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு அந்தப் பொத்தானைத் தேடி அலைய வேண்டாம்.

மடல் தமிழில் என்றால் இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது. பாமினி எழுத்துருவில் எழுதி அனுப்பிய காலத்து மடல்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துகளின் கூளமாகத் தெரியும். பாமினி உள்ளே ஆங்கில எழுத்துகளையே வைத்துக்கொண்டு மேலே தமிழ் உருவம் போர்த்தியது. போர்வை போனால் உள்ளே இருப்பதுதான் தெரியும். யூனிகோடு வந்த பிறகு தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் உண்டு. ஆனால் மின்னஞ்சலின் பழைய பாதை ஆங்கில எழுத்துகளுக்காகப் போட்டது. தமிழைப் பத்திரமாக அதில் கொண்டுபோக, 1992இல் நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் என்ற முறை உதவுகிறது. உங்கள் நிரலில் ஒரு தமிழ் மடலைத் திறந்து, மூல வடிவத்தைப் பார் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பல மடல்களில் தமிழ் ஒரு சொல்லும் இருக்காது. அ என்ற எழுத்து யூடிஎஃப் 8 முறையில் மூன்று பைட். மைமின் பேஸ் 64 முறை மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். ஆகவே மடலின் தொடக்கத்தில் அ வந்தால் அது 4, கே, 6, எஃப் என்று நிற்கும். தமிழ் உயிரெழுத்துகளும் மெய்யுருக்களும் இப்படி 4கே6 என்று தொடங்கும். புள்ளி, எகரக் கொம்பு போன்றவை 4கே என்ற பிறகு ஒரு கூட்டல் குறியோடு வரும். நடுவில் ஓர் இடைவெளி வந்தால் வரிசை நகர்ந்து உரு மாறும். உலாவி இதையெல்லாம் முன்னே காட்டுவதில்லை. நம் மொழி கடலடிக் கேபிளில் எந்த உடையில் போகிறது என்று கண்ணால் பார்ப்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி குறையவில்லை.

மூன்று பைட் நான்கு எழுத்தாவதால் மடலோடு போகும் இணைப்புகளின் எடையும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மடலின் அளவுக்குச் சேவைகள் வரம்பு வைத்திருக்கின்றன. கோப்பு 20 எம்பிதானே என்று அனுப்பினால் வழியில் அது 26, 27 எம்பி ஆகிவிடும். காணிப் பத்திரங்களை ஸ்கேன் செய்து அனுப்புபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

எந்த நிரல்? விண்டோஸோடு வந்த மெயில் என்ற நிரலுக்கு 2024 முடிவோடு ஆதரவு நின்றுவிட்டது. அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய அவுட்லுக், ஜிமெயில், யாஹூ போன்ற பிற கணக்குகளைச் சேர்க்கும்போது மடல்களை மைக்ரோசாஃப்டின் மேகத்தோடு ஒத்திசைக்கிறது. பிரதி வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக இந்த வேலையில் இறங்கியவர்களுக்கு இது நேர்மாறான திசை. இன்னொரு நிறுவனத்தின் கணினியிலும் ஒரு பிரதி கூடுகிறது. நான் தண்டர்பேர்டைத்தான் சொல்வேன். 2004 டிசம்பரில் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது, இலவசம், இலங்கைத் தமிழுக்கென்றே அதற்கு ஒரு மொழிப்பதிப்பும் ஒரு காலத்தில் இருந்தது. பெரிய சேவைகளின் வழங்கிப் பெயர்களும் எண்களும் அடங்கிய பட்டியலை அது தானே பார்த்துக்கொள்ளும். முகவரியை அடித்ததும் மேலே சொன்ன பெட்டிகள் பெரும்பாலும் தாமாக நிரம்பிவிடும். நிரம்பியது சரிதானா என்று பார்க்க இனி உங்களுக்குத் தெரியும்: ஐமேப், 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், ஓஆத் 2, அனுப்ப 465 அல்லது 587, அதே ஓஆத் 2.

எல்லாம் முடிந்து மடல்கள் இறங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். ரவுட்டரை அணைத்துவிட்டு, நிரலை மூடித் திறந்து, மூன்று நான்கு ஆண்டு பழைய மடல் ஒன்றைத் தேடி, அதன் இணைப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் பிரதி வீட்டுக்கு வந்துவிட்டது. தலைப்பு மட்டும் தெரிந்து உள்ளே வெறுமையாக இருந்தால், அந்த ஃபோல்டரின் பெயரில் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, புரொப்பர்ட்டீஸில் சிங்க்ரொனைசேஷன் என்ற தாவலுக்குப் போய், ஆஃப்லைன் பயன்பாட்டுக்கு என்ற குறியைப் போட்டு, ரவுட்டரைத் திரும்பப் போட்டு, இப்போதே இறக்கு என்ற பொத்தானை அழுத்துங்கள்.